சில்லாமே: கல்லைக் கரைத்துப் பிழைத்த ஊர்

கேள்வி: எஸ்டோனியாவில் சில்லாமே என்ற சிறிய ஊர் சோவியத் காலத்தில் வரைபடத்தில்கூட இல்லாத ரகசிய நகரமாக இருந்ததாம். அங்கே எண்ணெய்ப் பாறையிலிருந்து யுரேனியம் எடுத்துத்தான் ஸ்டாலினின் முதல் அணுகுண்டைச் செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா? இப்போது அந்த ஊரில் என்ன தொழில் நடக்கிறது?

பதில்: ரகசிய நகரம் என்பது உண்மை. எண்ணெய்ப் பாறையிலிருந்து யுரேனியம் என்பது தெரு சரியாகவும் கதவு எண் தவறாகவும் எழுதிய முகவரி. முதல் அணுகுண்டுக் கதை, கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. சில்லாமே என்றதும் எல்லாரும் ரகசியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த ஊரின் உண்மையான சரக்கு வேறு. கல்லைக் கரைத்து, அதில் கலந்து கிடப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் கைத்திறன்தான் அந்த ஊருக்கு முக்கால் நூற்றாண்டாகச் சோறு போடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் இடம். எஸ்டோனியாவின் வடகிழக்கு மூலையில், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் இருக்கிறது சில்லாமே. ரஷ்ய எல்லையில் உள்ள நார்வா நகரம் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். தலைநகர் டாலின் மேற்கே 180 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எஸ்டோனிய மொழியில் 'சில்ட்' என்றால் பாலம், 'மேகி' என்றால் குன்று. பாலக்குன்று என்று வைத்துக்கொள்ளலாம். 1502இல் முதன்முதலாக எழுத்தில் வரும்போதும் 'பாலத்தடி' என்ற பொருளில் கீழ் ஜெர்மன் மொழிப் பெயரோடுதான் வருகிறது. ஊருக்குள் ஓடும் ஸோட்கே ஆறு ஒன்றும் பெரிய ஆறு அல்ல. ஆனால் டாலினுக்கும் நார்வாவுக்கும் போகும் பழைய சாலை அதைக் கடந்தாக வேண்டும். கடக்கும் இடத்தில் ஒரு சத்திரம், பிறகு ஒரு மாவு ஆலை என்று ஊர் மெல்லத் திரண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது கோடைவாசத் தலம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் படித்த குடும்பங்கள் பைன் மரக் காற்றுக்காகவும் கடல் குளியலுக்காகவும் வந்து தங்கின. நாய்க்கு மணியடித்துச் சோதனை செய்தார் என்று பள்ளிப் பாடத்தில் படிப்போமே, அந்த இவான் பாவ்லோவ் 1890களிலிருந்து பல ஆண்டுகள் இங்கேதான் கோடையைக் கழித்தார். 1904இல் நோபல் பரிசு வாங்கிய மனிதர் கோடை வந்தால் இங்கே மண்வெட்டியோடு தோட்டத்தில் நிற்பார். பிற்பாடு நடந்ததை நினைத்தால் இந்தக் காட்சி விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இனி கற்களுக்கு வருவோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வட எஸ்டோனியக் கடற்கரை நெடுகச் செங்குத்தான பாறைச் சுவர் ஓடுகிறது. அதைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் அடுக்கடுக்காகப் பிரியும். அடியில் கேம்பிரியன் காலத்து நீலக் களிமண். அதன் மேல் மணற்கல். அதற்கும் மேல் பழைய சிப்பி ஓடுகள் நிறைந்த பாஸ்பேட் மணற்கல். பிறகு கறுப்பாக, தகடு தகடாகப் பிரியும் ஒரு களிப்பாறை. அதற்குப் பிறகு சுண்ணாம்புக்கல். அந்தக் கறுப்புத் தகட்டுப் பாறைக்கு 'டிக்டியோனிமா களிப்பாறை' என்று பெயர். அதில் கிடைக்கும் வலைப்பின்னல் போன்ற தொல்லுயிர் எச்சத்தின் பெயரே பாறைக்கும் வந்துவிட்டது. யுரேனியம் இருப்பது இதில்.

எண்ணெய் தருவது வேறு கல். அது இன்னும் இளையது. சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே, கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கிடக்கிறது. பழுப்பு நிறம். குக்ருசே என்ற பண்ணையின் ஜெர்மன் பெயரை ஒட்டி அதற்குக் 'குக்கர்சைட்' என்று பெயரிட்டார்கள். எஸ்டோனியர்கள் சொல்வது 'போலெவ்கிவி', எரியும் கல். தமிழில் எரிகல் என்று சுருக்கினால் வானத்திலிருந்து விழுவதாக ஆகிவிடும். அதனால் எண்ணெய்ப் பாறை என்றே வைத்துக்கொள்வோம். தீக்குச்சி கிழித்துக் காட்டினால் புகையோடு பற்றிக்கொள்ளும். காற்றுப் புகாமல் சூடாக்கினால் ஒரு டன்னுக்கு நூற்றைம்பது முதல் இருநூறு கிலோ வரை எண்ணெய் இறங்கும். உலகத்தில் இந்த வகையில் இவ்வளவு வளமான பாறை குறைவு. கறுப்புக் களிப்பாறையிலும் கரிமப் பொருள் உண்டு. அதனால்தான் ஆங்காங்கே இரண்டையும் எண்ணெய்ப் பாறை என்றே எழுதிவிடுகிறார்கள். ஆனால் எரிபொருளாக அது உதவாத பாறை. உபத்திரவத்துக்கு மட்டும் குறைவில்லை. டாலினுக்கு அருகே மார்டுவில் பாஸ்பேட்டுக்காகத் தோண்டியபோது மேலே இருந்த இந்தக் களிப்பாறையை அள்ளிக் குவித்தார்கள். குவியல்கள் தாமாகவே தீப்பிடித்துப் பல காலம் புகைந்தன. 1987இல் புதிய பாஸ்பேட் சுரங்கங்கள் திறக்க மாஸ்கோ திட்டமிட்டபோது எஸ்டோனிய மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். விடுதலை இயக்கத்தின் முதல் அலை என்று அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

எண்ணெய்ப் பாறைத் தொழில் எஸ்டோனியாவில் 1916இல் தொடங்கியது. முதல் உலகப் போரில் பெட்ரோகிராட் (செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) நகரத்துக்கு எரிபொருள் தட்டுப்பாடு. அருகில் என்ன இருக்கிறது என்று தேடியபோது இந்தக் கல் கண்ணில் பட்டது. நாடு விடுதலை அடைந்த பிறகு அரசும் வெளிநாட்டு நிறுவனங்களும் இறங்கின. சில்லாமேக்கு வந்தது ஸ்வீடன், நார்வே முதலீட்டாளர்கள் சேர்ந்த கூட்டு நிறுவனம். 1920களின் இறுதியில் எண்ணெய் ஆலையும் மின் நிலையமும் ஏற்றுமதிக்கு ஒரு துறைமுகமும் கட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது சுரங்க உலை. நீண்ட குகை போன்ற உலைக்குள் தண்டவாளம். அதில் கல் பரப்பிய வண்டிகள் ஒரு முனையில் நுழைந்து, வெந்து, ஆவியாய் எண்ணெயைக் கக்கிவிட்டு மறுமுனையில் சாம்பலாக வெளியே வரும். நுட்பம் நன்றாகத்தான் இருந்தது. நேரம்தான் சரியில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் எண்ணெய் விலை விழுந்தது, ஆலை மூடப்பட்டது. 1930களின் நடுவில் மறுபடி உலை பற்றவைத்தார்கள். அப்போது எஸ்டோனிய எண்ணெய்க்குப் பெரிய வாடிக்கையாளர் ஜெர்மனி. எதற்காக வாங்கியது என்பது 1939இல் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

போர்க்காலத்தை நான் வேகமாகக் கடந்து போகிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1941இல் பின்வாங்கிய சோவியத் படைகள் ஆலையை அழித்துவிட்டுப் போயின. வந்த ஜெர்மானியர்கள் எண்ணெய்ப் பாறையைத் தம் போருக்கு எரிபொருளாக்கப் பார்த்தார்கள். அதற்காக 1943இல் சில்லாமேக்குக் கிழக்கே உள்ள வைவாராவைத் தலைமையிடமாகக் கொண்டு வதைமுகாம்களின் சங்கிலியை அமைத்தார்கள். வில்னியஸ், கவுனாஸ் யூதக் குடியிருப்புகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அந்த முகாம்களில் கல் உடைத்தே செத்தார்கள். 1944 கோடையில் அருகிலுள்ள 'சினிமேத்' குன்றுகளில் நடந்த சண்டை எஸ்டோனிய மண்ணில் நடந்தவற்றிலேயே மிகக் கொடியது. போர் முடிந்தபோது சில்லாமேயில் பழைய ஊரென்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. ஆட்களைக் காலி செய்து ரகசிய நகரம் கட்ட வேண்டிய சிரமம்கூட அதிகாரிகளுக்குப் பெரிதாக இருக்கவில்லை.

ஹிரோஷிமாவுக்குப் பிறகு மாஸ்கோவுக்கு யுரேனியம் வேண்டும், உடனடியாக வேண்டும். சோவியத் நிலப்பரப்பில் அப்போது தெரிந்திருந்த யுரேனியம் மிகக் கொஞ்சம். எங்கே ஒரு துளி இருந்தாலும் விடக்கூடாது என்ற நிலையில்தான் டிக்டியோனிமா களிப்பாறை நினைவுக்கு வந்தது. 1946இல் சில்லாமேயில் ஆலை கட்ட உத்தரவானது. அதற்கு வைத்த பெயர் 'கம்பைன் எண் 7'. பெயரில் என்ன செய்கிறது என்று தெரியக்கூடாது என்பதுதான் பெயரின் நோக்கம். ஆலையையும் ஊரையும் கட்டியவர்களில் ஜெர்மானியப் போர்க் கைதிகள் உண்டு. ஜெர்மன் சீருடையில் போரிட்டதற்காகப் பிடிக்கப்பட்ட எஸ்டோனியர்கள், லாட்வியர்கள், லிதுவேனியர்கள் உண்டு. சாதாரணச் சிறைக் கைதிகளும் உண்டு.

அந்தக் களிப்பாறை எவ்வளவு ஏழைத் தாது என்பதைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நல்ல இடத்தில் யுரேனியம் 0.03 விழுக்காடு. அதாவது ஒரு டன்னுக்கு 300 கிராம். பத்து டன் லாரி நிறையக் கல் ஏற்றிவந்தால் அதில் இருப்பது மூன்று கிலோ. அதையும் முழுவதும் எடுக்க முடியாது. பாறையில் கரிமப் பொருள் இருப்பதால் யுரேனியம் அதோடு ஒட்டிக்கொள்கிறது; கந்தக அமிலத்தில் ஊறவைத்தாலும் ஒரு பங்கு கழிவோடே போய்விடும். மூன்று கிலோவுக்காக ஒரு லாரிக் கல்லை வெட்டி, பொடித்து, அமிலம் ஊற்றி, வடிகட்டி, மிச்சத்தைக் கொட்ட இடம் தேட வேண்டும். கடலோரக் கிராமமான டியுர்சமேயில் தோண்டிய சுரங்கத்தை 1952இல் மூடினார்கள். சுரங்கம் நான்கைந்து ஆண்டுகள்தான் ஓடியது. எஸ்டோனிய மண்ணிலிருந்து வந்த யுரேனியம் சில பத்து டன்களைத் தாண்டவில்லை. (கடலுக்கு அப்பால் ஸ்வீடன்காரர்களும் இதே குடும்பத்துக் கறுப்புப் பாறையை 1960களில் ரான்ஸ்டாடில் முயன்று பார்த்தார்கள். அவர்களும் சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். இதில் கம்யூனிசத்தின் குற்றம் எதுவும் இல்லை, கல்லின் குற்றம்.)

இப்போது முதல் அணுகுண்டுக் கதை. சோவியத்தின் முதல் குண்டு 1949 ஆகஸ்ட் 29 அன்று கஜகஸ்தானில் வெடித்தது. அது புளூட்டோனியக் குண்டு. அந்தப் புளூட்டோனியத்தை உற்பத்தி செய்த உரால் மலைப்பகுதி அணு உலை 1948 ஜூனில் இயங்கத் தொடங்கிவிட்டது. அதற்குள் போட வேண்டிய யுரேனியம் முழுவதும் அதற்கு முன்பே கையில் இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் கைப்பற்றிய இருப்பு, கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாகியா சுரங்கங்கள், மத்திய ஆசியா என்று பல இடங்களிலிருந்து திரட்டினார்கள். சில்லாமே ஆலை உருப்படியாக உற்பத்தி தொடங்கியதே 1948இல்தான். தேதிகளை அடுக்கினாலே போதும், சில்லாமே யுரேனியம்தான் முதல் குண்டு என்ற பேச்சு தானாக உதிர்ந்துவிடும். ஊர்ப்பெருமையாகவும் பயமுறுத்தலாகவும் இரண்டு விதத்திலும் பயன்படுவதால் அந்தக் கதை சாகாமல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் கைத்திறன் என்றேனே, அது இந்தத் தோல்வியிலிருந்துதான் பிறந்தது. உள்ளூர்க் கல் கைகொடுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஆலை இருந்தது, அமிலம் இருந்தது, கடினமான தாதுவோடு மல்லுக்கட்டிப் பழகிய வேதியியலாளர்கள் இருந்தார்கள். எனவே தாதுவை ரயிலில் கொண்டுவந்தார்கள். செக்கோஸ்லோவாகியா, கிழக்கு ஜெர்மனி, ஹங்கேரி என்று கிழக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்தது. அவற்றில் யுரேனியம் களிப்பாறையைவிடப் பல மடங்கு அதிகம். நாற்பது லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட தாது இங்கே கரைக்கப்பட்டது. 1977இல் தாது கரைப்பதை நிறுத்திய பிறகும் வேறிடத்தில் செறிவாக்கிய யுரேனியம் வந்துகொண்டிருந்தது. 1980களில் மின் நிலைய அணு உலைகளுக்கு ஆக்சைடும் தயாரித்தார்கள். எல்லாம் சேர்த்து 1989–90 வரை இந்த ஊர் வழியாகப் போன யுரேனியம் ஏறக்குறைய ஒரு லட்சம் டன். அதில் எஸ்டோனியக் கல்லின் பங்கு, சாம்பாரில் பெருங்காயம்.

ஊர் எப்படி இருந்தது? கடிதங்களில் லெனின்கிராட்-1, மாஸ்கோ-400, நார்வா-10 என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மறைபெயர். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது. பொது மக்களுக்கான வரைபடத்தில் ஊரே கிடையாது. அதிகாரிகளே மறைக்க விரும்பியும் 1957இல் நகரம் என்ற தகுதியைக் கொடுத்தார்கள் என்பது சோவியத் நிர்வாகத்துக்கே உரிய வேடிக்கை. உள்ளே இருந்தவர்களுக்கு வாழ்க்கை மோசமில்லை. மூடிய நகரங்களுக்கு மாஸ்கோவிலிருந்து நேரடியாகச் சரக்கு வரும். வெளியே வரிசையில் நின்றாலும் கிடைக்காத பொருள்கள் உள்ளே கடையில் இருக்கும். ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் என்று சோவியத் ஒன்றியம் முழுவதிலிருந்தும் பொறியாளர்களும் தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள். எஸ்டோனியாவில் இருந்துகொண்டே எஸ்டோனிய மொழி காதில் விழாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது.

கட்டடங்களைப் பார்த்தால் இந்த ஊருக்குக் கொடுத்த முக்கியத்துவம் தெரியும். ஸ்டாலின் காலத்துப் பாணியில், அளவான உயரத்தில், தூண்களும் மாடங்களும் வளைவுகளுமாக நகர மையம். கலாச்சார மாளிகைக்குக் கிரேக்கக் கோயில் போன்ற முகப்பு. அதற்கு எதிரே இருக்கும் நகர மன்றக் கட்டடத்துக்குக் கூர்மையான கோபுரம். முதல் பார்வையில் லூதரன் தேவாலயம் என்றே நினைப்போம். கடவுள் மறுப்பு அரசு, தேவாலயச் சாயலில் அலுவலகம் கட்டியிருக்கிறது. பால்டிக் கடற்கரை ஊர் என்றால் வானத்தில் ஒரு கூர்முனை வேண்டும் என்று வடிவமைத்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அங்கிருந்து அகலமான படிக்கட்டு இறங்குகிறது. இருபுறமும் பூச்சாடிகளும் கைப்பிடிச் சுவர்களும். படி முடிந்ததும் மரங்கள் நிழலிடும் சாலை நேராகக் கடலுக்குப் போகிறது. தலைக்கு மேல் அணுவைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் ஒரு மனிதனின் சிலையும் ஊரில் உண்டு. ஆக்கத்துக்கான அணுவாம் அது.

இந்த ஊரின் அடுத்த திருப்பத்தை ரகசியக் கதை எழுதுபவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். 1970இல் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலிருந்து 'லோபரைட்' என்ற கறுப்புத் தாது சில்லாமேக்கு வரத் தொடங்கியது. விசித்திரமான தாது அது. இருப்பதில் அதிகம் டைட்டானியம் ஆக்சைடு. சுமார் முப்பது விழுக்காடு அருமண் தனிமங்களின் (லாந்தனம், சீரியம், நியோடைமியம் போன்ற ஒரே குடும்பத்து உலோகங்கள்) ஆக்சைடு. எட்டு விழுக்காடு அளவுக்கு நியோபியம் ஆக்சைடு, கொஞ்சம் டான்டலம். கூடவே தோரியமும் துளி யுரேனியமும். ஒரே கல்லுக்குள் ஏழெட்டு வேலைக்கு ஆகும் உலோகங்கள், ஆனால் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. யுரேனியத்தில் பழகிய கைகள் இதை அவிழ்க்க உட்கார்ந்தன.

அருமண் தனிமங்களைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று சொன்னால்தான் அந்த ஊரின் மதிப்பு தெரியும். பெயரில் அருமை இருந்தாலும் அவை அவ்வளவு அரியவை அல்ல. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில்கூட இருக்கின்றன. அரிதாக இருப்பது அவற்றைப் பிரிக்கும் வித்தை. பிரசியோடைமியம் 59ஆம் தனிமம், நியோடைமியம் 60ஆம் தனிமம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. வேதியியலாளர்களே நெடுங்காலம் இரண்டையும் ஒரே தனிமம் என்று நம்பி ஒரே பெயர் வைத்திருந்தார்கள். 1885இல்தான் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஆலையில் செய்வது இப்படி. தனிமங்கள் கரைந்த நீரையும், அதோடு கலக்காத கரிமக் கரைப்பானையும் ஒரு தொட்டியில் சேர்த்துக் கலக்குவார்கள். பிறகு அசையாமல் விட்டால் எண்ணெயும் தண்ணீரும் போலத் தனித்தனியாக நிற்கும். கலக்கும்போது ஒரு தனிமம் மற்றதைவிட மயிரிழை அதிகமாகக் கரைப்பான் பக்கம் போயிருக்கும். அந்த மயிரிழைதான் ஆதாயம். மேலே நிற்பதை அடுத்த தொட்டிக்கும், கீழே நிற்பதை முந்தைய தொட்டிக்கும் அனுப்பி மறுபடி கலக்குவார்கள். இப்படி வரிசையாகப் பத்துகளில், நூறுகளில் தொட்டிகள். அமிலத்தின் அளவு ஒரு தொட்டியில் பிசகினாலும் வரிசை முழுவதும் குழம்பிவிடும். பழைய நிலைக்குக் கொண்டுவர நாள்கணக்கில் ஆகும். படித்துத் தெரிந்துகொள்ளும் வேலையல்ல அது, கூடவே இருந்து பழகும் வேலை.

1989–90இல் யுரேனியம் நின்றது. 1991இல் சோவியத் ஒன்றியமே போய்விட்டது. ஆலைக்கு 'சில்மெட்' என்று பெயர் மாறியது. மக்கள் ஒரு நாள் காலையில் வேறு நாட்டில் கண்விழித்தார்கள். 1940க்குப் பிறகு குடியேறியவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் எஸ்டோனியா தானாகக் குடியுரிமை கொடுக்கவில்லை; மொழித் தேர்வு எழுத வேண்டும். ஊரில் அநேகமாக எல்லாரும் அந்த வகை. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களுக்குச் சாம்பல் நிறக் கடவுச்சீட்டு வந்தது. 1993 ஜூலையில் நார்வாவும் சில்லாமேயும் தன்னாட்சி கேட்டு வாக்கெடுப்பு நடத்தின. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஆம் என்றார்கள். உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தள்ளியது. துப்பாக்கி வெடிக்கவில்லை. இந்தப் பகுதியைப் பற்றி எழுதுபவர்கள் வெடிக்காததைப் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் குறை.

கழிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறை. கரைத்தெடுத்தது போக மிஞ்சிய சேறும், மின் நிலையத்தின் எண்ணெய்ப் பாறைச் சாம்பலும் 1948 முதல் ஊருக்கு மேற்கே கடற்கரையிலேயே கொட்டப்பட்டன. 1959 முதல் சுற்றிலும் கரை எழுப்பி அதைத் தேக்கமாக்கினார்கள். அலை அடிக்கும் இடத்திலிருந்து சில பத்து மீட்டர் தூரம்தான். மொத்தம் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் டன். அதற்குள் ஆயிரம் டன்னுக்கு மேல் யுரேனியம், லோபரைட் விட்டுச்சென்ற தோரியம் சுமார் 800 டன், ரேடியம் ஏறக்குறைய எட்டு கிலோ. எட்டு கிலோ என்றால் கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். மேரி கியூரி காலத்தில் ரேடியத்தைக் கிராம் கணக்கில்தான் உலகம் எண்ணியது. இதற்கெல்லாம் அடியில் இருப்பது நாம் முதலில் பார்த்த நீலக் களிமண். ஈரத்தில் வழுக்கும் மண். கடல் ஒருபுறம் அடிவாரத்தை அரிக்க, மேலே சுமை அழுத்த, கரை கடலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. சரிந்திருந்தால் பின்லாந்து வளைகுடாவுக்கே கேடு. ஹெல்சிங்கியிலும் ஸ்டாக்ஹோமிலும் தூக்கம் கெட்டதில் வியப்பில்லை. எஸ்டோனியா, வடஐரோப்பிய நாடுகள், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு கோடி யூரோ செலவிட்டு, 1999 முதல் 2008 வரை வேலை நடந்தது. கடலோரமாகத் தடித்த காங்கிரீட் தூண்களை நிலத்துக்குள் இறக்கிக் கரையை ஆணியடித்தாற்போல் நிறுத்தினார்கள். நிலத்துப் பக்கம் நிலத்தடி நீர் உள்ளே போகாதபடி சுவர் எழுப்பினார்கள். மேட்டைச் சரிவாக்கி, பல அடுக்கு மூடி போட்டு, கடைசியில் புல் விதைத்தார்கள். இன்று படத்தில் பார்த்தால் தட்டையான பச்சை மேடு.

அந்த மேட்டை ஒட்டியே 2005இல் புதிய துறைமுகம் திறந்தார்கள். பால்டிக் கடற்கரையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கிழக்குக் கோடித் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை அதற்கு உண்டு. அதன் பின்னால் இருந்தவர் முன்னாள் பிரதமர் டீட் வாஹி. சில்மெட் தனியார்மயமானபோது உள்ளே வந்தவர். ஆலை பிறகு பல கை மாறியது. 2011இல் அமெரிக்காவின் மோலிகார்ப் நிறுவனம் சுமார் 8 கோடியே 90 லட்சம் டாலருக்குப் பெரும்பங்கை வாங்கியது. அருமண் விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. விலை சரிந்தது, 2015இல் மோலிகார்ப் திவாலானது. அதிலிருந்து பிரிந்து வந்த கனடாவின் நியோ பெர்ஃபார்மன்ஸ் மெட்டீரியல்ஸ் இப்போது ஆலையை நடத்துகிறது. முதலாளி மாறினாலும் தொட்டி வரிசை நிற்கவில்லை. அருமண் தனிமங்களைத் தொழில் அளவில் பிரிக்கும் ஆலைகள் ஐரோப்பாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று இது.

எனவே உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இதுதான்: இன்று அங்கே யுரேனியம் இல்லை, சீரியம், லாந்தனம், நியோடைமியம், நியோபியம், டான்டலம். சீரியம் கண்ணாடி மெருகேற்றவும், வாகனப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக்கும் போகிறது. நியோபியம் 2,400 பாகைக்கு மேல்தான் உருகும் உலோகம். வெற்றிடத்தில் மின்னணுக் கற்றையால் உருக்கி எடுக்கிறார்கள். நெடுங்காலம் மூலப்பொருள் ரஷ்யாவிலிருந்தே வந்தது. 2021 முதல் அமெரிக்காவின் யூட்டா மாநில ஆலையொன்றிலிருந்து மோனசைட்டில் எடுத்த அருமண் கலவையும் கப்பலேறி வரத் தொடங்கியது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவைச் சாராத வரத்தின் அருமை கூடியது. அதே நியோ நிறுவனம் 2025 செப்டம்பரில் நார்வாவில் நிரந்தரக் காந்த ஆலையைத் திறந்திருக்கிறது. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 2,000 டன் திறன். மின்சாரக் காரின் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தம். சில்லாமேயில் பிரிப்பது, பக்கத்து ஊரில் காந்தமாவது என்பது திட்டம்.

மக்கள் தொகை மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. சோவியத் ஆட்சியின் இறுதியில் இருபதாயிரத்துக்குச் சற்று மேல் இருந்தது, இப்போது சுமார் பன்னிரண்டாயிரம். தெருவில் இன்றும் ரஷ்ய மொழிதான். இளைஞர்கள் டாலினுக்கும் அதற்கு அப்பாலும் போய்விடுகிறார்கள். தொட்டி வரிசையைப் பார்த்துக்கொள்ளப் பழகிய ஆட்களுக்குப் பிறகு யார் என்பதுதான் தாது வரத்தைவிடப் பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

போய்ப் பார்க்க விரும்பினால் அனுமதிச் சீட்டெல்லாம் வேண்டாம். டாலின்–நார்வா பஸ்களில் பல அந்த ஊரில் நிற்கின்றன. இறங்கி மையத்துக்குப் போய், தேவாலயம் போலத் தோன்றும் நகர மன்றத்துக்கு எதிரே உள்ள படிக்கட்டின் உச்சியில் நின்றால் சாலையின் முடிவில் கடல் தெரியும். தண்ணீர் வரை நடந்து போய் மேற்கே திரும்பிப் பார்த்தால் கரையோரம் பச்சை மேடு தெரியும். மேல் பாகம் கோடு போட்டு வெட்டினாற்போல் தட்டையாக இருக்கும். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.